பாரமான பொல்லும் என் மகளின் தோளும்



கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் போன மாதம் கைக்கு வந்தது. அவருடைய மகளைப் பாடசாலை எல்லே அணிக்குத் தெரிவு செய்திருக்கிறார்களாம். வீட்டில் வீசிப் பழகுவதற்குக் கொஞ்சம் பாரமான பொல்லு ஒன்று வாங்கிக் கொடுக்கும்படி விளையாட்டு ஆசிரியை சொல்லியிருக்கிறாராம். ‘கடையில் போய்க் கேட்டால் பேஸ்போல் விளையாட்டுக்கென்று பாரம் கூட்டிய மட்டைகளைக் காட்டுகிறார்கள். எது நல்லது, எவ்வளவு பாரம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஆண் துணை இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி எழுத முடியுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

படித்தவுடன் அந்தக் கடிதத்தை எடுத்துத் தனியாக வைத்தேன். காரணம், இதே கேள்வி 2023ஆம் ஆண்டு எனக்கும் வந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பிழையான மட்டையை வாங்கி வந்தேன். அதனால் வந்த வினையைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்பதால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வந்திருக்கிறேன். என் தாய் தந்தையர் கண்டிக்கு அருகே கலஹா பகுதித் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பின்னர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். 2009இல் என் கணவர் காணாமல் போனார். என் மகள் அந்த வருடம் செட்டிகுளம் முகாமில் பிறந்தாள். மூன்று வருடம் கழித்து, கைப்பிள்ளையோடு கண்டிக்கு வந்து ஹந்தானையில் சித்தியின் வீட்டில் ஒதுங்கினேன். இன்றும் அங்கேதான் தையல் மெஷினோடு இருக்கிறேன்.

மகளுக்குப் பதினான்கு வயதாகும்போது அவளை எல்லே அணியில் சேர்த்தார்கள். எல்லே உங்களுக்குத் தெரியாததல்ல. சித்திரை வருடப் பிறப்புக் காலத்தில் நாடெங்கும் ஆடுவார்கள். ரப்பர் பந்து, மூங்கில் பொல்லு, அடிப்பதற்கு மூன்று வாய்ப்பு. அடித்துவிட்டு நான்கு தரிப்பிடங்களையும் சுற்றி ஓடி வர வேண்டும். அடித்த பந்தை எதிரணி பிடித்தாலோ, ஓடும்போது பந்தால் எறிந்து பட்டாலோ ஆட்டமிழப்பு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிதாக ஆடும் பேஸ்போலுக்கு இது சகோதரி மாதிரி. அதனால் எங்கள் பிள்ளைகள் எல்லேயிலிருந்து பேஸ்போலுக்கும் சொப்ட்போலுக்கும் போவது கஷ்டமில்லை. ஜப்பானின் உதவியோடு ஹோமாகம தியகமவில் பேஸ்போலுக்கென்றே ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே ஒரு நாள் விளையாட வேண்டும் என்பது என் மகளின் ஆசை.

அவளுடைய மிஸ் சொன்னது, ‘விளையாடும் பொல்லைவிடச் சற்றுப் பாரமானதில் வீசிப் பழகட்டும்’ என்று. அதில் ‘சற்று’ என்ற சொல் என் காதில் விழவில்லை. ‘பாரமானது’ என்பது மட்டும்தான் விழுந்தது.

கண்டி நகருக்குப் போய் ஒரு விளையாட்டுப் பொருட் கடையில் கேட்டேன். பயிற்சிக்கென்று செய்த பேஸ்போல் மட்டை ஒன்றை எடுத்து வைத்தார்கள். 40 அவுன்ஸ் என்று எழுதியிருந்தது. ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். ஆகவே அது 1,130 கிராம் அளவில் வரும். மகளின் எல்லேப் பொல்லைப் பின்னர் நிறுத்துப் பார்த்தபோது 620 கிராம்தான் இருந்தது. அந்த நேரம் எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல பாரம். நல்ல பாரம் என்றால் நல்ல சாமான் என்று நினைத்தேன். மூன்று மாதச் சீட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சகோதரிகளே, எனக்கு இருந்த எண்ணம் உங்களில் பலருக்கும் இருக்கும். பாரம் தூக்கினால் பலம் வரும் என்று நான் உறுதியாக நம்பினேன். பத்து வயதிலேயே கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கியவள் நான். 2009இல் வயிற்றில் பிள்ளையோடு மூட்டையும் சுமந்துகொண்டு இடம் இடமாக நடந்தவள். அவ்வளவையும் தாங்கியதால்தான் இன்று நிற்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மகளும் தாங்கிப் பழகட்டும் என்று நினைத்தேன்.

முதல் வாரம் அவள் தினமும் பின்னேரம் முற்றத்தில் நின்று ஐம்பது தரம் வீசினாள். பிறகு தன் பொல்லைக் கையில் எடுத்து, “அம்மா, இப்ப இது இறகு மாதிரி இருக்கு” என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம். ஆனால் பாடசாலையில் வேறு விதமாக நடந்தது. பந்து வரும், இவள் பொல்லு பிந்தும். முன்னுக்குப் போக வேண்டிய அடி பக்கத்துக்குப் போனது. சில நேரம் பந்தே படவில்லை. இன்னும் கூடப் பழகினால் சரிவரும் என்று நான்தான் சொன்னேன்.

ஒரு நாள் காலை பாடசாலைக்குப் புறப்படும்போது அவள் பின்னலைத் தானே பின்னாமல் சித்தியிடம் போய்த் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவள் எட்டு வயதிலிருந்தே தானே பின்னுகிற பிள்ளை. “கையைத் தூக்கு” என்றேன். தோளுக்கு மேலே கை போகவில்லை.

கண்டியில் ஒரு இயன்மருத்துவரிடம் கூட்டிப் போனேன். சிங்களப் பெண்மணி. எனக்குச் சிங்களம் அரைகுறை. மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். எத்தனை நாளாக நோகிறது என்று அவர் கேட்டார். மகள் என்னைப் பார்த்துக் “கொஞ்ச நாளா” என்றாள். அவரிடம் திரும்பி, “ஸதி தெகக்” என்றாள். இரண்டு வாரம். அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும். மட்டை வாங்கி வந்தே பதினேழு நாள்தான் ஆகியிருந்தது.

வெளியே வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சீட்டுக் காசுல வாங்கினீங்க. வலிக்குதுன்னு சொன்னா கவலப்படுவீங்க. நீங்க எவ்வளவு தாங்கினீங்கன்னு சொல்லுவீங்க. அதான்” என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் தரிப்பிடம் வரை பேசாமல் நடந்தோம்.

அந்த மருத்துவர் சொன்னவற்றையும், பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகள் இன்னும் முற்றாமல் இருக்கும். எலும்பு நீளமாக வளர்வது அந்த இடத்தில்தான். அளவுக்கு மிஞ்சி வீசினாலும் எறிந்தாலும் அந்த இடம் நோவெடுக்கும். பெரியவர்களுக்குத் தசை பிடிப்பது போல இதை நினைத்து, ‘எண்ணெய் தடவினால் போகும்’ என்று விடக்கூடாது. தோள் நோவோடு பழகினால் குணமாவது இன்னும் பிந்தும்.

இரண்டாவது, பாரம் எவ்வளவு என்பதைப் போலவே பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இதை விளங்கிக்கொள்ள வீட்டிலுள்ள தும்புத்தடி போதும். தும்பு இருக்கும் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தடியை வீசிப் பாருங்கள். சுலபமாகப் போகும். இப்போது தடியின் மற்ற நுனியைப் பிடித்து, தும்புப் பக்கம் தூரத்தில் இருக்கும்படி வீசுங்கள். கை இழுபடும். தும்புத்தடி ஒன்றுதான், அதன் நிறையும் ஒன்றுதான். பாரம் கையிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் அதைச் சுழற்றுவது நான்கு மடங்கு கஷ்டம் என்பது கணக்கு. நான் வாங்கிய மட்டையில் பாரம் முழுவதும் நுனியில் இருந்தது. தராசு அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டினாலும் மகளின் தோளுக்கு அது அதைவிடவும் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ‘இறகு மாதிரி இருக்கு’ என்று மகள் சொன்னாளே, அது பொய்யான உணர்வு. பேஸ்போலில் மட்டையின் நுனியில் மாட்டும் ஒரு பார வளையம் இருக்கிறது. நடுவில் துளை உள்ள இனிப்புப் பணியாரம் போல இருப்பதால் அதை டோனட் என்கிறார்கள். நியூயோர்க் யாங்கீஸ் அணியில் ஆடிய எல்ஸ்டன் ஹவார்ட் என்ற கறுப்பின வீரர் 1960களில் இதைப் பரவச் செய்தார். ஆட வருமுன்னர் வளையத்தோடு சில தரம் வீசிவிட்டுக் கழற்றினால் மட்டை இலேசாகத் தெரியும், வேகமாக அடிக்கலாம் என்று பல வருடங்களாக எல்லோரும் நம்பினார்கள். பிறகு அளந்து பார்த்தார்கள். 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பலவகைப் பாரங்களை வீசச் செய்து, அதன் பிறகு வழமையான மட்டையின் வேகத்தை அளந்தார்கள். வழமையான மட்டைக்குக் கிட்டிய நிறையுள்ளவற்றை வீசியவர்களே வேகமாக அடித்தார்கள். பாரமான வளையத்தை வீசியவர்களின் வேகம் குறைந்தது. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்களும் இதைப் பார்த்தார்கள். பாரமான மட்டையை வீசிய பின்னர் தங்கள் கை வேகமாகப் போவதாக வீரர்கள் உணர்ந்தார்கள். கருவியோ முதல் வீச்சு முன்னரைவிட மெதுவாகப் போனதைக் காட்டியது.

பந்து தூரம் போவதற்குப் பொல்லின் பாரம் மட்டும் போதாது, வீச்சின் வேகமும் வேண்டும். 1920களில் புகழ்பெற்ற பேப் ரூத் 40 அவுன்சுக்கு மேற்பட்ட மட்டைகளைச் சுழற்றியவர். இன்று அமெரிக்காவின் பெரிய வீரர்கள் எடுப்பது பெரும்பாலும் 31 முதல் 33 அவுன்ஸ் வரைதான். வளர்ந்த, தினமும் பயிற்சி எடுக்கிற ஆண்கள் அவர்கள். அவர்கள் விளையாடும் மட்டையைவிடப் பாரமானதை நான் பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்தவர். இப்போது அலுமாரியின் மேல்தட்டில் உள்ள டப்பாவை எடுக்கவும் அவரால் கை தூக்க முடியாது. “பாரம் தூக்கினா பலம் வருமின்னா, எந்தோளு இந்நேரம் இரும்பால்ல இருக்கணும்?” என்றார். பக்கத்திலேயே இருந்த சாட்சியை நான் அதுவரை பார்க்கவில்லை.

அப்படியானால் பாரமான மட்டையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், அளவோடு. போட்டிக்குச் சற்று முன்னர் பாரத்தை வீசுவது வேறு, வாரக்கணக்கில் கொஞ்சம் கூடிய பாரத்திலும் கொஞ்சம் குறைந்த பாரத்திலும் மாறி மாறிப் பழகுவது வேறு. இப்படி மாற்றிப் பழகுவதால் வேகம் கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கிளிநொச்சிச் சகோதரிக்கும் மற்றவர்களுக்கும் தெரிவு செய்யும் முறையைச் சொல்கிறேன்.

1. முதலில் பிள்ளை விளையாடும் பொல்லை நிறுத்துப் பாருங்கள். சங்கக்கடைத் தராசு போதும். பயிற்சிப் பொல்லு அதைவிடப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூடலாம். 600 கிராம் என்றால் 660 கிராம். 700 கிராம் என்றால் 770 கிராம். கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்தக் கணக்கைக் கைவிடாதீர்கள்.

2. விளையாடும் பொல்லே பிள்ளைக்குப் பொருத்தமா என்றும் பாருங்கள். பழக்கமான கையால் அடிப்பிடியைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, இருபது எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால், பொல்லின் நுனி தாழ்ந்தால், அது அவளுக்குப் பாரம். பயிற்சிப் பொல்லுக்கும் இதே சோதனைதான்.

3. பேஸ்போல் மட்டை வாங்குவதானால் அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நீளம், அங்குலத்தில். மற்றது நிறை, அவுன்சில். நீளத்திலிருந்து நிறையைக் கழித்து வரும் எண்ணைச் சில மட்டைகளில் கழித்தல் குறியோடு போட்டிருப்பார்கள். 30 அங்குல மட்டை 20 அவுன்ஸ் என்றால் -10 என்று இருக்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் மட்டை அதன் நீளத்துக்கு இலேசானது என்று அர்த்தம். சிறுமிகளுக்கு அப்படிப்பட்டதுதான் நல்லது.

4. பிடி தடித்ததாக இருக்கக்கூடாது. விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். தடித்த பிடியை இறுக்கிப் பிடிக்கப் போய் மணிக்கட்டும் முழங்கையும் நோகும்.

5. மட்டையில் மாட்டும் வளையத்தை எல்லேப் பொல்லுக்கு வாங்க வேண்டாம். பேஸ்போல் மட்டை நுனியில் பருத்திருப்பதால் வளையம் அதில் போய் இறுகி நிற்கும். எங்கள் மூங்கில் பொல்லு ஒரே பருமன். வீசும்போது வளையம் கழன்று பறந்து யாருடைய முகத்திலாவது படும். வளையம் போட்ட மட்டையால் பந்தை அடிப்பதும் கூடாது.

6. காசு செலவழிக்காமலும் செய்யலாம். நாங்கள் இப்போது வைத்திருப்பது அப்படிச் செய்ததுதான். விளையாடும் பொல்லின் அளவிலேயே வெடிப்பில்லாத இன்னொரு மூங்கிலை எடுத்தோம். பழைய சைக்கிள் டியூப்பை நீளமான பட்டிகளாக வெட்டி, பிடிக்குச் சற்று மேலே தொடங்கி நடுப்பகுதி வரை இறுக்கமாகச் சுற்றினோம். முனையை நூலால் கட்டி, மேலே டேப் ஒட்டினோம். நுனியில் சுற்றவில்லை. நிறுத்துப் பார்த்து, 680 கிராம் வந்ததும் நிறுத்தினோம். இரும்புத்துண்டு, ஆணி, கல் ஒன்றும் வைத்துக் கட்டாதீர்கள். மூங்கிலின் உள்ளே மணல் நிரப்புவதும் வேண்டாம். வெடித்தால் சிதறும்.

7. பழகும் அளவும் முக்கியம். நாங்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் மட்டும்தான் பழகுகிறோம். முதலில் கை கால்களை அசைத்து உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு இலேசான தடியில் பத்து, பயிற்சிப் பொல்லில் பத்து, கடைசியாக விளையாடும் பொல்லில் பத்து. அவ்வளவுதான். களைத்த பிறகு வீசும் வீச்சு பிழையான பழக்கத்தைத்தான் கொடுக்கும். போட்டியன்று பாரமான பொல்லைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

8. வீசும் இடத்தில் முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கக்கூடாது. லயன் முற்றங்களிலும் வீட்டுத்திட்டங்களிலும் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று, ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கப் பழகுவது நல்லது.

9. நோவு வந்தால் அன்றே நிறுத்துங்கள். சில நாள் ஓய்வில் குறையாவிட்டாலோ, இரவில் நித்திரையைக் குழப்பினாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பாரத்தை ஆளுக்கு ஏற்றபடி எடுப்பது எல்லேக்கு மட்டும் உரியதல்ல. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த யாழ்ப்பாணத்து அனித்தா ஜெகதீஸ்வரனை அறிவீர்கள். அந்த விளையாட்டில் கோலைப் பாய்பவரின் உடல் நிறையைப் பார்த்துத்தான் தெரிவு செய்வார்கள். ஒருவருடைய கோல் இன்னொருவருக்குச் சரிவராது. அதேபோல வலைப்பந்தாட்டத்தில் ஆசியாவே அறிந்த தர்ஜினி சிவலிங்கமும் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்தான். யுத்தம் நடந்த மண்ணிலிருந்து இவர்கள் வந்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கஷ்டப்பட்டதால்தான் வந்தார்கள் என்று மட்டும் சொல்லக்கூடாது. யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்து, அளந்து, சரியானதைக் கையில் கொடுத்துப் பழக்கியிருப்பார்.

பெண்பிள்ளை பொல்லு பிடிப்பதா என்று கேட்பவர்கள் எங்கள் லயனிலும் இருந்தார்கள். ‘தகப்பன் இல்லாத பிள்ளை, அடக்கமாக இருக்கட்டும்’ என்று ஒருவர் சொன்னார். தோள் நோவு வந்தபோது, ‘அப்பவே சொன்னோமே’ என்றார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிழை விளையாட்டில் இல்லை, நான் வாங்கிய மட்டையில்தான் இருந்தது. நோவு வந்தவுடன் விளையாட்டையே நிறுத்திவிடுவது எங்களைப் போன்ற தாய்மாருக்குச் சுலபம். பயந்து பழகியவர்கள் நாம். ஆனால் பிள்ளைக்கு அது இரண்டாவது தண்டனை.

மகள் ஏழு வாரம் பொல்லைத் தொடவில்லை. மருத்துவர் காட்டிய பயிற்சிகளை மட்டும் செய்தாள். சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சி ஒன்று உண்டு. சித்தியும் பக்கத்தில் நின்று தானும் செய்தார். சுவரில் பென்சிலால் இரண்டு பேருக்கும் கோடு போட்டு வைத்தேன். மகளின் கோடு வேகமாக ஏறியது. சித்தியின் கோடு நான்கு விரற்கடை ஏறியது. அதுவும் கொஞ்சமல்ல.

அந்த 40 அவுன்ஸ் மட்டையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கடையில் திருப்பி எடுக்கவில்லை. மகளின் மிஸ், பாடசாலையில் வளர்ந்த ஆண் ஆசிரியர்கள் விளையாடும்போது பாவிக்கலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார். போன காசு போனதுதான்.

அடுத்த வருடம் போகம்பறையில் ஒரு போட்டிக்கு அவர்களைக் கூட்டிப் போனார்கள். நான் தையலை வைத்துவிட்டுப் பார்க்கப் போனேன். முதல் பந்து தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதை அடித்தாள். பந்து ஆட்களுக்கு மேலால் போய் விழுந்தது. ஒரு தரிப்பிடத்திலும் நிற்காமல் நான்கையும் சுற்றி ஓடி வந்தாள். அணி தோற்றுவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த ஒரு அடியைப் பற்றியே கதைத்தாள்.

கிளிநொச்சிச் சகோதரிக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நிறையைத் தராசு சொல்லும், நீளத்தை அங்குலம் சொல்லும். மிச்சத்தை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்லக்கூடிய மாதிரி நீங்கள் இருக்க வேண்டும். நாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். தங்கள் நோவு அதற்கு முன்னால் சிறிது என்று நினைத்து மறைப்பார்கள். பாரமான மட்டையை வீசிவிட்டு ‘இறகு மாதிரி இருக்கு’ என்றால் அதை நம்பாதீர்கள். ‘வலிக்குது’ என்றால் உடனே நம்புங்கள்.

இப்போது நான் ஒவ்வொரு நாள் பின்னேரமும் மகளிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். “இன்டைக்குத் தோள் எப்படி?” சில நாள் “நல்லம்” என்பாள். சில நாள் “கொஞ்சம் நோவு” என்பாள். அந்த இரண்டாவது பதில் வரும்போது எனக்குள் ஒரு ஆறுதல். மறைக்காமல் சொல்கிறாளே என்று.

உங்கள் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.